மலருக்கு எழுதுவோர் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். பழைய மாணவர் மலருக்கான ஆக்கங்களை வாற ஞாயிறு பின்னேரம் 6 மணிக்குள் அனுப்புங்கோ.

1. முன்பு வேறெங்காவது வந்த உங்கள் கட்டுரையையும் தரலாம். எங்கே, எந்த ஆண்டு வந்தது, இப்போது எந்தப் பகுதி புதிது என்று அடியில் ஒரு வரி கட்டாயம். மறைத்துத் தந்தால் வாசகர் புதிதென்றே நம்புவார். பிழை அங்கேதான், திரும்பத் தருவதில் இல்லை.

2. பதிப்புரிமையைப் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், சொந்த எழுத்தானாலும் அவரின் அனுமதி வேண்டும் (இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்). அனுமதிக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.

3. சேர்ந்து எழுதியதா? மற்றவரிடமும் கேளுங்கோ.

4. பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் பழைய கோப்புகளை யூனிக்கோட்டுக்கு மாற்றி, ஒருக்கா வாசித்துப் பார்த்து அனுப்புங்கோ.

இன்றிரவே ‘புதிது’ அல்லது ‘மறுபிரசுரம்’ என்று இங்கே பதில் போடுங்கோ. கட்டைவிரல் குறி வேண்டாம், எதற்கென்று விளங்காது.

– மலர்க்குழு