கடைசி வரிசை அம்மாவுக்கும் உங்களுக்கும்

எங்கள் நாடகக் குழுவின் கதவைப் பூட்டவில்லை. அடுத்த மாத ஒத்திகை உண்டு. கடன் ஏறிப் பூட்டும் நிலைக்கு வந்தது உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்லிப் புலம்பப்போவதில்லை.

பணம் அனுப்பியவர்கள், சம்பளம் மெதுவாக வரட்டும் என்ற நடிகர்கள், வாடகைக்குத் தவணை தந்த அரங்கத்தார், பாதிக் கூலிக்கு விளக்குப் போட்டவர், எல்லாருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதியே ஆக வேண்டும். எங்கள் நாடகங்களுக்கு வந்து எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஓர் அம்மா. ஓய்வுபெற்ற கணக்காளர் என்பதே எங்களுக்குத் தெரியாது. "நன்கொடை தர வசதி இல்லை. கணக்கு நோட்டைக் காட்டுறீங்களா?" என்றார். நோட்டு எங்கே இருந்தது? ஓர் அட்டைப்பெட்டி நிறைய ரசீதுகள்தான்.

நான்கு மாலை தரையில் உட்கார்ந்து பிரித்தார். அப்புறம் ஒரு தாளில் 13 கட்டம் போட்டு, அடுத்த 13 வாரங்களில் எந்த வாரம் என்ன வரும், என்ன போகும் என்று பென்சிலால் எழுதினார். வங்கியில் பணம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். அதில் பெரும்பகுதி சிறுவர் பட்டறைக்கென்றே வந்த மானியம். "இது உங்க பணம் இல்லை தம்பி. இதுல வாடகை கட்டக் கூடாது" என்றார்.

கட்டியிருந்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அரங்கம் நிறைந்த நாளில்கூடச் சீட்டு வசூல் செலவில் பாதியைத்தான் தொட்டது என்பதும் அந்தத் தாளில்தான் தெரிந்தது. கடனை அடைக்கலாம் என்று போட்ட கூடுதல் காட்சிகள் கடனைத்தான் கூட்டியிருக்கின்றன! இன்னொரு மானியமோ, நாம் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகுதான் வரும். ஆறாவது வாரம் கை காலியாகும் என்று முன்பே தெரிந்ததால்தான் உங்களிடம் நேரத்தோடு கேட்டோம். "எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பினீர்களே, அந்தப் பணத்தில் முதல் வேலையாகப் பட்டறைத் தொகையைத் திருப்பி வைத்தோம்.

மூன்று மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை புதிய மேடையமைப்பு கிடையாது. இருக்கிற கறுப்புத் துணிதான். மாதாமாதம் அந்தத் தாளைப் புதிதாக எழுதி வாசலில் ஒட்டுவோம், நின்று படியுங்கள்.

அம்மாவுக்கு முன்வரிசையில் ஓர் இடம் ஒதுக்கினோம். கடைசி வரிசைதான் வேண்டும், சீட்டுக்குக் காசும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். சரி என்று வாங்கிக்கொண்டோம். ரசீதும் கொடுத்தோம்.