தற்காப்பு ஆட்டக்காரரைக் கோல் கணக்கால் அளக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளையோர் ஐஸ் ஹாக்கித் தேர்வு பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். நம் தென்னாப்பிரிக்கா சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் 1937-லேயே சேர்ந்துவிட்டது. 1961-லிருந்து உலகப் போட்டிகளிலும் ஆடியிருக்கிறது. அப்படியும் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த ஆட்டத்துக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால் முதலில் நன்றி.

ஆனால் அந்தச் செய்தியில் ஒரு டிஃபென்ஸ் (தற்காப்பு) பையனைப் பாராட்ட எடுத்துக்கொண்டவை மூன்றே மூன்று: எத்தனை கோல், எத்தனை அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), எவ்வளவு உயரம். பின்வரிசையில் ஆடுபவனைப் பற்றி இந்த மூன்றும் ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. பெற்றோரும், சில சமயம் தேர்வாளர்களும்கூட, இதே கணக்கை வைத்துக்கொண்டு எடைபோடுவதால் நல்ல பிள்ளைகள் கண்ணில் படாமலே போகிறார்கள். (பையன் என்று எழுதுவது வசதிக்காக. பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான்.)

கோல், அசிஸ்ட் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது? ஒரு கோலுக்கு இரண்டு பேருக்கு வரை அசிஸ்ட் எழுதுகிறார்கள். எதிரணியில் ஒருவர் பெனால்டியில் வெளியே உட்கார்ந்திருக்கும்போது களத்தில் இறக்கப்படும் டிஃபென்ஸ்காரனுக்குப் புள்ளிகள் தானாகச் சேரும். அந்த நேரத்தில் அவனை இறக்குவதா வேண்டாமா என்பது பயிற்சியாளரின் முடிவு. பிளஸ்-மைனஸ் கணக்கும் அப்படித்தான். கோல் விழும்போது களத்தில் நின்ற ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி கூட்டல், கழித்தல். கோல்கீப்பர் சுமாராக இருந்தால் நல்ல பையனின் கணக்கும் கீழே இறங்கிவிடும்.

அவனை எடைபோட ஒரு பீரியட் முழுக்க, அதாவது 20 நிமிடம், பக் என்னும் ரப்பர் வட்டைப் பார்க்காமல் அவனையே பார்க்க வேண்டும். முதலில் சிரமமாகத்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் பழகிவிடும். கையில் ஒரு தாளும் பென்சிலும் போதும். எதிரணி நம் எல்லைக்குள் தள்ளிவிட்ட பக்கை எடுக்க அவன் எத்தனை முறை போனான், அவற்றில் எத்தனை முறை பக் நம் அணியின் கட்டுப்பாட்டிலேயே, நம் எல்லையைக் குறிக்கும் ப்ளூ லைனைத் தாண்டி வெளியே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, எதிரணிக்காரர் அவன் பக்கமாக வந்தபோது பக்கைத் தன் ஸ்டிக்கிலேயே வைத்து உள்ளே நுழைந்தாரா, வேறு வழியில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டுத் துரத்தினாரா, அல்லது ப்ளூ லைனிலேயே தடுக்கப்பட்டாரா என்று எழுதுங்கள். இந்த இரண்டு கணக்கும் சேர்ந்தால் கோல் கணக்கு சொல்லாதது தெரிந்துவிடும்.

பக்கை எடுக்கப் போவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு டிஃபென்ஸ்காரனின் முக்கால்வாசித் தரம் அதில் தெரிந்துவிடும். பக் மூலையை நோக்கி ஓடுகிறது, அவன் அதன் பின்னால் போகிறான், முதுகுப் பக்கம் ஒரு எதிரணிக்காரர் துரத்தி வருகிறார். தேறிய பையன் பக்கைத் தொடுவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்ப்பான். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் பார்வையில் துரத்துபவர் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியும். இரண்டாவது பார்வையில் தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். பிறகு பக்கை நோக்கி நேர்கோட்டில் போகாமல் கொஞ்சம் வளைந்து போவான்; அப்படிப் போனால்தான் எடுத்த கையோடு திரும்ப முடியும். கடைசி நொடியில் தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு மறுபக்கம் திரும்புவான். பக் ஸ்டிக்கில் பட்ட ஒரு நொடிக்குள் பாஸ் போய்விடும்.

தேறாத பையன் தலை குனிந்தே போவான். பக்கைத் தொட்ட பிறகுதான் நிமிர்வான். அதற்குள் ஆள் மேலே வந்து விழுந்திருப்பார். உடனே பக்கைப் பலகைச் சுவரோரமாகச் சுற்றி அனுப்பிவிடுவான். சுவரோரமாக அனுப்புவதே தவறு என்று சொல்லவில்லை. கேரம் ஆடுபவர் ஓரப் பலகையைப் பயன்படுத்துவதுபோல, கோணமும் வேகமும் தெரிந்து, அங்கே தன் ஆள் இருப்பதைப் பார்த்து அனுப்பினால் அது நல்ல பாஸ். பார்க்காமல் அனுப்பினால் எதிரணிக்குத் தானம்.

இதன் காரணத்தைப் பிரித்தறிவதுதான் தேர்வாளரின் வேலை. யாரும் துரத்தாதபோதும் பையன் இப்படியே செய்கிறானா என்று பாருங்கள். ஆமென்றால் பார்க்கும் பழக்கம் இல்லை. கற்றுக்கொடுத்தால் ஒரு சீசனில் மாறலாம். துரத்தும்போது மட்டும் என்றால் குறை காலில். அவன் பக்கிடம் தாமதமாகப் போய்ச் சேர்கிறான், அதனால் பார்க்க நேரமில்லை. அங்கே ஸ்கேட்டிங் பயிற்சிதான் மருந்து, அதற்கு நாளாகும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே குறைபோலத் தெரியும். “பக் கையாள்வதில் பலவீனம்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது இடைவெளி. எதிரணிக்காரர் பக்கோடு வேகமாக வரும்போது பின்னோக்கிச் சறுக்கும் நம் பையன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்? நம் ப்ளூ லைனுக்கு வரும்போது ஒன்று முதல் இரண்டு ஸ்டிக் நீளத்துக்குள் இருந்தால் நன்று. அதைவிட அதிகமாக விட்டுக்கொடுத்தால் எதிராளி சிரமமே இல்லாமல் உள்ளே நுழைவார். பின்வாங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பயம். தன் பின்னோக்கிய ஸ்கேட்டிங்கில் அவனுக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் தீர்ப்பு எழுதுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவனுடைய முன்வரிசைக்காரர்கள் திரும்பி வந்து உதவுகிறார்களா? மூன்று பேர் வரும்போது தனியாக நிற்பவன் பின்வாங்கத்தான் செய்வான், அது புத்திசாலித்தனம்.

எதிராளி அருகில் வந்தபின் காலைக் குறுக்கே போட்டு நகர்கிறானா என்றும் பாருங்கள். கால் குறுக்கே இருக்கும் அந்தக் கணத்தில் எதிராளி மறுபக்கம் வெட்டினால் அவனால் திரும்ப முடியாது. கண் பக்கில் இருந்தாலும் ஏமாறுவான், எதிராளியின் மார்பில் இருக்க வேண்டும். ஒரு கையில் ஸ்டிக், அதன் பிளேடு ஐஸில் பதிந்து பாஸ் வழியை மறித்தபடி, உடல் எதிராளிக்கும் கோலுக்கும் நடுவே, ஆளைச் சுவர்ப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே போவது. இவ்வளவையும் 14 வயதில் செய்பவன் ஒரு கோல்கூடப் போடாவிட்டாலும் பரவாயில்லை, அவனை எடுத்துக்கொள்ளலாம்.

பின்னோக்கிச் சறுக்குவதிலிருந்து முன்னோக்கித் திரும்புவதை இடது, வலது இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் சுத்தமாக வரும், மறுபக்கம் ஒரு தடுமாற்றம் இருக்கும். கெட்டிக்கார எதிராளி அதை ஒரே பீரியடில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காத தேர்வாளர்கள்தான் அதிகம்.

உயரத்துக்கு வருகிறேன். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 13 வயதில் அந்தப் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம். ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே கனடிய ஜூனியர் அணிகளில் மிகுதியாக இருப்பதை ஆய்வாளர்கள் 1985-லேயே எழுதிவிட்டார்கள். இன்று மோதித் தள்ளி ஜெயிக்கும் பையன் மற்றவர்கள் வளர்ந்தபின் என்ன செய்வான் என்பதே கேள்வி. வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989-ல் 53-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிறகு சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை வென்றார். ஆடம் ஃபாக்ஸ் 2016-ல் 66-வது ஆள். 2021-ல் அதே கோப்பை. இருவரும் மோதலை நம்பி ஆடியவர்கள் அல்லர், இடம் பார்த்து நிற்பதையும் ஆட்டத்தைப் படிப்பதையும் நம்பியவர்கள். மறுபுறம், 206 செ.மீ. உயரமுள்ள டிஃபென்ஸ்காரர் ஸ்டெனோ சாராவே 1996-ல் 56-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். உயரம் இருந்தும் அவரைத் தாண்டிப் போனார்கள். உயரத்தை மட்டும் வைத்து எழுதும் தீர்ப்பு இரண்டு திசையிலும் தவறும்.

நம் நாட்டுக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, ரிங்க், அதாவது ஐஸ் ஆடுகளம். சர்வதேச அளவு 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் அகலம். அதைவிடச் சிறிய ரிங்க்கில் பார்த்த பையனைப் பற்றி எழுதும்போது ரிங்க்கின் அளவையும் சேர்த்து எழுத வேண்டும். சின்ன ஐஸில் மெதுவான பெரிய பையன் நன்றாகத் தெரிவான். அவன் ஓட வேண்டிய தூரம் குறைவு, கையை நீட்டினாலே பாதி இடம் அடைபட்டுவிடும். அதே பையன் முழு அளவு ரிங்க்குக்குப் போனால் பக்கவாட்டில் ஆட்கள் தாண்டிப் போவார்கள். நேர்மாறாக, வேகமும் பார்வையும் உள்ள சிறிய பையனுக்கு நெருக்கடியான ஐஸில் மூச்சுவிட இடமிருக்காது, பெரிய ஐஸில் மலர்ந்துவிடுவான்.

இரண்டாவது, பள்ளி ஹாக்கி. நம் பிள்ளைகளில் பலர் புல்வெளி அல்லது செயற்கைத் தரை ஹாக்கி ஆடிவிட்டு ஐஸுக்கு வருகிறார்கள். தரை ஹாக்கியில் ஸ்டிக் எல்லாருக்கும் ஒரே வகை. வலது கை கீழே. அந்தப் பிடியோடு ஐஸுக்கு வந்தால் அவன் வலதுகைக்காரன் ஆகிறான். ஐஸ் ஹாக்கியில் வலதுகை டிஃபென்ஸ்காரர்கள் எப்போதும் பற்றாக்குறை. வலது பக்கச் சுவரோரம் இடதுகைக்காரன் ஆடினால் பக்கைப் பிளேடின் பின்புறத்தால் வாங்க வேண்டிவரும், அங்கேதான் தடுமாற்றம். ஆக, நம் பள்ளி ஹாக்கிப் பிள்ளைகளிடம் இருப்பது ஒரு இயற்கையான பலம், இதை யாரும் குறித்து வைப்பதில்லை. கூடவே ஒரு குறையும் வருகிறது. இரண்டு கையாலும் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து, குனிந்து, கண்ணைத் தரையில் வைத்து ஆடும் பழக்கம். பின்னோக்கிச் சறுக்கும்போது மேல் கையில் மட்டும் ஸ்டிக்கை வைத்து, மறு கையை விடுவிக்க வேண்டும், நிமிர்ந்து பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் இதை மட்டும் திருத்தினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எதிரணி எல்லையில் ப்ளூ லைனில் நின்று அடிக்கும் அடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓங்கி அடிப்பவனுக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. அந்த அடியில் பெரும்பகுதி முன்னால் நிற்பவரின் முழங்கால் காப்பில் பட்டு எதிரணியின் வேகத் தாக்குதலாக மாறுகிறது. தலை நிமிர்த்தி, பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து, தாழ்வாக, மணிக்கட்டால் அனுப்புபவனே மேல். முன்னேறிப் போய்ச் சுவரோரம் பக்கைப் பறிக்க முயல்வதும் அப்படித்தான். எதிராளி முதுகைக் காட்டி நிற்கிறாரா, தன் மூன்றாவது முன்வரிசைக்காரன் பின்னால் காவலுக்கு வந்துவிட்டானா, இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால் துணிச்சல். பார்க்காமல் போனால் இரண்டு பேருக்கு ஒருவர் என்று பின்னால் திறந்துவிடுகிறான். அப்படித் திறந்துவிட்ட தோழனுக்காகத் தனியாக நிற்க நேரும் டிஃபென்ஸ்காரன் பாஸ் வழியை அடைத்து, பக் வைத்திருப்பவரைக் கோல்கீப்பரிடம் விட வேண்டும். இருவரையும் பிடிக்கப் பார்ப்பவன் ஒருவரையும் பிடிப்பதில்லை.

உடல்மோதல் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலேயே 13, 14 வயதுப் பிரிவில்தான் அதற்கு அனுமதி தொடங்குகிறது. அதற்கு முன் ஆடும் பையனை “மென்மையானவன்” என்று எழுதுவதில் பொருளில்லை. பார்க்க வேண்டியது, கோலுக்கு முன்னால் பக் வருவதற்குள்ளாகவே எதிராளியின் உள்பக்கம் இடம் பிடிக்கிறானா, பக் வரும் கணத்தில் எதிராளியின் ஸ்டிக்கைத் தன் ஸ்டிக்கால் தூக்குகிறானா என்பதே. பக்கையே வேடிக்கை பார்த்து நிற்பவனுக்கு எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை.

பெற்றோர் அனுப்பும் வீடியோக்களைப் பற்றி: கண்ணாடிக்குப் பின்னால் ஐஸ் மட்டத்தில் நின்று, பக்கைத் தொடர்ந்து எடுத்த படத்தில் இடைவெளியும் தெரியாது, மறுபக்கம் நிற்கும் டிஃபென்ஸ்காரனும் தெரியமாட்டான். இருக்கை வரிசையின் மேல்படியில், நடுக்கோட்டுக்கு நேராக, ரிங்க்கின் பாதியாவது எப்போதும் தெரியும்படி நிலையாக வைத்து எடுங்கள். கோல் போட்ட துண்டுகளை மட்டும் ஒட்டி அனுப்ப வேண்டாம். மோசமாக ஆடிய ஒரு பீரியடும் முழுதாக இருக்கட்டும். தவறு செய்த ஷிஃப்டுக்கு (களத்தில் ஒரு முறை இறங்கி ஆடும் நேரம்) அடுத்த ஷிஃப்டில் அவன் மறுபடியும் ப்ளூ லைனில் எழுந்து நிற்கிறானா, பயந்து பின்வாங்கித் தொலைவிலேயே நிற்கிறானா என்பது அதில்தான் தெரியும்.

தேர்வாளர்களிடம் தங்கள் இதழ் வாயிலாக வைக்கும் கோரிக்கை இதுதான். ஒரே ஆட்டத்தை வைத்து டிஃபென்ஸ் பிள்ளைகளை ஒதுக்காதீர்கள். குறைந்தது மூன்று ஆட்டம், அதில் ஒன்றாவது தங்களைவிட வலுவான அணியோடு. எடுக்காத பிள்ளைக்கு எந்தக் குறை, அது பழக்கத்தாலா காலாலா, எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த தேர்வுச் செய்தியில் கோல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், பக்கைக் கட்டுப்பாட்டோடு வெளியே எடுத்த எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். கேட்டால் அணிகள் குறித்துத் தருவார்கள்.

இப்படிக்கு,
இளையோர் ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர் ஒருவர்,
கௌடெங், தென்னாப்பிரிக்கா