24ஆம் நாளின் பதிவு எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

நம் விண்மீன் நோக்குவோர் குழுவில் 23 நாள்கள் விடாமல் எழுதினாய். அன்றன்று பார்த்த மாறொளிர் விண்மீன்களின், அதாவது ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களின், ஒளிப்பருமனைக் (மங்க மங்கப் பெரிதாகும் ஒளி அளவெண்) குறித்துவிட்டு, அதன் கீழே ‘சிகரெட்: 0’ என்று ஒரு வரி சேர்ப்பாய். 24ஆம் நாள் அந்த வரி வரவில்லை. அதற்குப் பிறகு விண்மீன்களும் வரவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. நானும் அங்கே கிடந்து எழுந்தவன்.

இதை உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலச் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள், அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயர் இதில் வராது.

நான் இருபது ஆண்டுகள் புகைத்தவன். தொலைநோக்கி அருகே நிற்கும் இரவுகளில்தான் அதிகம். இருளுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும் அத்தனையையும் கெடுக்க. இது நம் பொழுதுபோக்கில் முதல் இரவே கற்கும் பாடம். அதற்காக நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கண்வில்லையில் வைக்கும் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தொலைநோக்கிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடது கண்ணைச் சுருக்கியபடி பற்றவைப்பேன். வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நம்பினேன். 2009இல் நம் குழுவின் பெரியவர் ஒருவர் அந்த நம்பிக்கையை உடைத்தார். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும், விழித்திரைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும், மங்கலான ஒளியைக் காணும் திறன் அதில் எளிதாக அடிபடும் என்று எழுதினார். வெளியே பொத்தி வைத்த கண்ணுக்கு உள்ளே இருந்து தீங்கு போய்க்கொண்டிருந்தது. நுரையீரலைப் பற்றிப் பலர் சொல்லியும் அசையாத நான், கண்ணைப் பற்றி ஒருவர் சொன்னதும் அசைந்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. எந்தக் கதவு திறக்கிறதோ அதன் வழியாகத்தானே வெளியே போக முடியும்?

முதல் மூன்று நாள்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ கடந்து வந்தவன். ஒன்றை மட்டும் சொல்கிறேன், இது உனக்கும் நடந்திருக்கலாம். நெஞ்சு படபடத்தது, கை லேசாக நடுங்கியது, வானம் மேகமூட்டமாக இருந்த இரவிலும் விடியும்வரை உறக்கம் இல்லை. நிக்கோட்டின் இல்லாத குறைதான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். குழுவில் இருந்த மருத்துவர் அக்கா ஒரே கேள்வி கேட்டார்: “இரவில் எத்தனை காபி?” புகைப்பவர்களின் உடல் காபியிலுள்ள கஃபீனை வேகமாக வெளியேற்றிவிடுமாம். புகையை நிறுத்தினால் அந்த வேகம் தணிந்துவிடும், அதே அளவு காபி ரத்தத்தில் நெடுநேரம் தங்கும். காபியைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டு நாளில் நடுக்கம் நின்றது. இதைத் தெரியாமல், ‘புகை இல்லாமல் என் உடம்பு ஓடாது’ என்று எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

வேட்கை எழும்போதெல்லாம் பெரியவர் சொன்ன வேலை ஒன்றுதான்: ஒரு விண்மீனை எடு, ஒளிப்பருமன் தெரிந்த இரண்டு ஒப்பீட்டு விண்மீன்களின் ஒளிக்கு நடுவே அதன் ஒளி எங்கே நிற்கிறது என்று பார், எண்ணை எழுதி அனுப்பு. அதற்குள் சில நிமிடங்கள் போய்விடும். வேட்கையின் உச்சம் நீடிப்பதும் அவ்வளவுதான். முதல் வாரத்தில் நான் அனுப்பிய மதிப்பீடுகளில் பல, அறிவியலுக்குப் பயன்படாதவை. அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் நள்ளிரவு கடந்து அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் ‘பார்த்தேன்’ என்று பதில் எழுதினார்கள். முகம் தெரியாத மனிதர்கள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

இனி நான் மறைத்த கதை.

41ஆம் நாள். அலுவலகத்தில் ஒரு சச்சரவு, வெளியே வந்து நின்றேன், பக்கத்தில் நின்றவர் பெட்டியை நீட்டினார். ஒன்று. மாலையில் இன்னொன்று. இரவு தொலைநோக்கி முன் நின்றபோது விரலில் அந்த வாடை. அன்று பார்க்க வேண்டியிருந்தது ஆர் கொரோனே பொரியாலிஸ் என்ற விண்மீன். 1795இல் எட்வர்ட் பிகாட் மாறொளிர் விண்மீன் என்று கண்டறிந்தது. வழக்கமாக 6ஆம் பருமன் அருகே இருக்கும், பின்பு தானே வெளித்தள்ளும் கரிப்புகையால் மறைந்து திடீரென்று மங்கிப்போகும். 2007இல் அப்படி மங்கத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் பழைய ஒளிக்குத் திரும்பாமல் கிடந்தது. அன்றும் எனக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கொளியில் குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு, நாம் எல்லோரும் எழுதுவதைப் போல, ‘12.8ஐ விட மங்கல்’ என்று எழுதினேன். விண்மீன் தெரியாத இரவுக்கும் பதிவு உண்டு அல்லவா? எந்த அளவுவரை தேடியும் அகப்படவில்லை என்பதைக் குறிக்கிறோம். விண்மீனின் ஒளி நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் ஒளிவளைவை வரைகிறவருக்கு அதுவும் தேவை. அவரைத் தடுமாற வைப்பது, யாருமே எழுதாமல் விட்ட வெற்றிடம்தான்.

அந்த விண்மீனுக்கு இருந்த நேர்மை எனக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை. ‘சிகரெட்’ என்ற வரிக்கு எதிரே பேனா நின்றுவிட்டது. 0 என்று பொய் எழுத மனம் வரவில்லை. 2 என்று எழுதக் கை வரவில்லை. வரியையே விட்டுவிட்டேன். அடுத்த ஒன்பது நாள் குழுப் பக்கமே போகவில்லை. அந்த ஒன்பது நாளில் இரண்டு என்பது பதினான்கு ஆயிற்று. என்னைத் திரும்பவும் கவிழ்த்தது அந்த இரண்டு சிகரெட் அல்ல, ஒன்பது நாள் மௌனம். இதைச் சொல்லத்தான் தம்பி இவ்வளவு தூரம் எழுதினேன்.

பத்தாம் நாள் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். பெரியவர் கேட்டது இவ்வளவுதான்: எத்தனை, எந்த நேரம், பக்கத்தில் யார்? ஓர் அவதானிப்பின் விவரத்தைக் கேட்பதைப் போலவே கேட்டார். பதில்களை வைத்துப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது: இரவுகளை நாங்கள் கவனித்துக்கொண்டோம், பகல்களை விட்டுவிட்டோம்.

மருத்துவர் அக்கா சொல்லி நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். மன உறுதி இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று குழுவில் ஒருவர் எழுதினார். அவர் சொன்னது தவறு, இன்றும் அதைத் தவறு என்றே சொல்வேன். இழுத்த சில நொடிகளில் மூளையை எட்டும் ஒரு பொருளோடு வெறும் வைராக்கியத்தை மோதவிடுவது நியாயமான போட்டியே அல்ல. மருந்தும் துணையும் சேரும்போது விட்டுவிடும் வாய்ப்பு கூடும். ஒரு குறிப்பு: அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். உனக்கு எது பொருந்தும் என்பதை ஒரு மருத்துவரிடம் கேள்.

நான் புகையை விடத் தொடங்கியதற்கு முந்தைய ஆண்டு, 2008இல், அமெரிக்காவில் நெடுங்காலமாக நடக்கும் ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வின் முப்பதாண்டுப் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. மனிதர்கள் புகையைத் தனித்தனியாக விடுவதைவிடக் கூட்டம் கூட்டமாக விடுகிறார்கள் என்று அது காட்டியது. நண்பர் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்ததாம். அக்கா அதை எனக்கு அனுப்பியபோது, என்னைத் தேற்றுவதற்காக அனுப்புகிறார் என்று நினைத்தேன். இல்லை. என்னைப் பார்த்து இன்னும் இருவர் தொடங்கியிருந்தார்கள், அது எனக்குத் தெரியாது.

உனக்கும் ஒன்று தெரியாது. உன் ‘சிகரெட்: 0’ வரிகளைப் பார்த்துத்தான் அந்தப் புதிய பெண், பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் அல்கோல் என்ற விண்மீன் மங்குவதை மணிக்கு மணி எழுதுகிறாரே, அவர், தன் பதிவிலும் அந்த வரியைச் சேர்க்கத் தொடங்கினார். நேற்று அவருக்கு 12ஆம் நாள். “23 நாள் எழுதியவர் எங்கே?” என்று கேட்கிறார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ.

இன்றிரவு உன் வானத்தில் எது தெரிகிறதோ அதை மதிப்பிட்டு அனுப்பு. மேகமாக இருந்தால் மேகம் என்று எழுது. கீழே அந்த வரியைச் சேர்த்து, இன்றைய உண்மையான எண்ணைப் போடு. 5 என்றால் 5, 20 என்றால் 20. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்