படகை எங்கே இறக்குவது? பவல் ஏரிப் படகுத்துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் தானியங்கிப் பதில்தான் வந்தது. தமிழில் எழுதினால் அதுவும் வராது, தெரியும். ஆனால் அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை அணை கட்டித் தேக்கிய இந்தப் பவல் ஏரிக்குப் படகு இழுத்துக்கொண்டு வரும் நாலைந்து தமிழ்க் குடும்பங்களாவது படிக்கும். என் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் அடங்கும்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை. இரவு இரண்டு மணிக்கு ஃபீனிக்ஸிலிருந்து நானும் மகனும் கிளம்பினோம். ஏழரைக்கு உங்கள் வாயிலில் நின்றோம். வண்டிக்கு ஒரு கட்டணம், படகுக்குத் தனியாக ஒன்று. வாங்கிக்கொண்டவர் "நிறையப் பிடிங்க" என்று வாழ்த்தி அனுப்பினார். கொஞ்ச தூரம் போனால், படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவான ரேம்ப்பின் குறுக்கே சங்கிலி. அதற்கு அப்பால் கான்கிரீட் சரிந்து இறங்கி, பாதியில் முடிந்துவிட்டது. அது முடிகிற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு பஸ் நீளத்துக்குச் சேறு. 'நீர்மட்டம் குறைவு, மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை. அதன் மூலையில் பேனாவால் தேதி எழுதியிருந்தது. வியாழக்கிழமைத் தேதி.

வியாழக்கிழமையே தெரிந்த விஷயம் சனிக்கிழமை காலை வாயிலில் பணம் வாங்கியவருக்குத் தெரியவில்லை. உங்கள் இணையப் பக்கத்துக்கும் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் ஏழு ட்ரெய்லர்கள். அந்தக் குறுகல் பாதையில் ஒவ்வொன்றாகப் பின்வாங்கித் திருப்பினோம். அடுத்த ரேம்ப்பில் இரண்டு மணி நேர வரிசை. வசந்தகாலக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் போன அன்று பத்து மணிக்கே அலை எழும்பிவிட்டது. ஐஸ்பெட்டியைத் திறந்தால் நெத்திலி இளகிக் கூழாகிக் கிடந்தது. (ஆமாம், நெத்திலிதான். ஊரில் குழம்புக்கு, இங்கே ஸ்ட்ரைப்பர் என்கிற வரிபோட்ட பாஸ் மீனுக்குத் தூண்டில் இரையாக.) உறைந்த நெத்திலியை வெட்டி மாட்டினால்தான் கொக்கியில் நிற்கும். மகன் மூன்று தடவை மாட்டினான். மூன்று தடவையும் தண்ணீரில் விழுந்த வேகத்தில் கழன்று போனது. நாலாவது தடவை அவன் மாட்டவில்லை.

இந்த ஏரியில் மீன் பிடிக்க மார்ச் முதல் மே வரை நல்ல காலம். தண்ணீர் 60 ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் ஸ்மால்மௌத் பாஸ் மீன் கரையோரப் பாறைகளுக்குக் கூடு கட்ட வரும். மே மாதம் வால்ஐ (walleye) மீன். ஆனால் பனி உருகி வெள்ளம் வந்து சேரும் முன், வருஷத்திலேயே மட்டம் மிகவும் தாழ்ந்து கிடப்பதும் இந்த நாட்களில்தான். மீன் மேலே வரும்போது தண்ணீர் கீழே போகிறது. இது இயற்கை, உங்கள் மேல் குற்றமில்லை.

குற்றம் வேறு இடத்தில். நீர்மட்டம் தினமும் வெளியாகிறது. எந்த ரேம்ப் எந்த மட்டம் வரை தாங்கும் என்பதும் உங்களிடம் இருக்கிறது. மீதி ஒரு கழித்தல் கணக்குதான். அதைப் போட்டு, 'நாளை இந்த ரேம்ப்பில் படகு இறக்கலாம், இதில் இறக்க முடியாது' என்று முந்தைய நாள் மாலையே போடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஸ்ட்ரைப்பருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துப் போகலாம் என்று விதி சொல்கிறது. மகிழ்ச்சி. பிடிக்க நாங்கள் தயார், கடிக்க மீனும் தயார். படகை எங்கே இறக்குவது, தலையிலா? ஏரியை விட்டுக் கிளம்பும்போது மட்டும் படகில் ஒட்டி வேறு ஏரிகளுக்குப் பரவும் குவாகா சிப்பிக்காகப் படகின் அடிவரை குனிந்து பார்க்கிறீர்கள். அது அவசியம்தான், நானே அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வருவேன். அந்தக் கண்டிப்பில் கால்வாசி உள்ளே விடும்போது இருந்தால் போதும்.

1922ல் ஈரமான வருஷங்களின் கணக்கை வைத்து ஏழு மாநிலங்களின் கொலராடோ ஆற்றை மேல்படுகை, கீழ்ப்படுகை என்று இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பிரித்ததன் பலன், 2023ல் இந்த ஏரி முழு மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 180 அடி கீழே கிடந்தது. காவிரிச் சண்டையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. அந்த வழக்கை நீங்களும் தீர்க்க முடியாது, நானும் தீர்க்க முடியாது. எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

தயவுசெய்து அந்த ஒரு வரியை முந்தைய நாள் மாலையே போடுங்கள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மறுபடி வருவதாக இருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ட்ரெய்லரை மாட்டுவேன்.

இப்படிக்கு,
ஃப்ரீசரில் இரண்டு பொட்டலம் நெத்திலி வைத்திருப்பவன்