முகத்துவாரம் வெட்டுவதும் மலையில் கான் வழிப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை இரண்டு நாள் விடாமல் பெய்துவிட்டால், 'முகத்துவாரத்தை வெட்டிவிடுங்கள்', அதாவது ஆற்றின் வாயை அடைத்த மணல் திட்டை வெட்டித் திறந்துவிடுங்கள் என்ற கோரிக்கை கரையோர ஊர்களிலிருந்து செய்தியாக வந்துவிடுகிறது. வயலில் வெள்ளம் நிற்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு வெட்டுவது என்று யாரும் பேசுவதில்லை. அந்த முகத்துவாரத்துக்கு மலைநாட்டிலிருந்து என்ன போய்ச் சேர்கிறது என்ற கேள்வி எழுவதே இல்லை.

பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் பிறக்கும் கிரிந்தி ஓயாவையே எடுத்துக்கொள்வோம். எல்லவில் இராவணா எல்ல, கொஸ்லந்தைக்கு அப்பால் தியலும, இரண்டில் விழும் நீரும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. வெல்லவாய, லுணுகம்வெஹெர, திஸ்ஸமகாராம தாண்டிக் கிரிந்தைப் பக்கம் கடலில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 117 கிலோமீற்றர்தான்.

நம் நாட்டுக் கரையில் கடல் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. அதனால் சிற்றாற்றின் வாயைத் திறந்து வைத்திருப்பது கடலல்ல, ஆற்றின் ஓட்டம். வறட்சியில் ஓட்டம் குறைந்ததும் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். இதை ஒரு கோளாறாக நினைக்க வேண்டியதில்லை. அடைபட்ட உவர்நீரில்தான் மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன. மழை வந்து உள்ளே நீர் உயர்ந்ததும் ஆறே மணல் திட்டை உடைத்துக்கொண்டு போகும்.

அவசரப்பட்டு வெட்டினால் இரண்டு விதமாகக் கெடும். உள்ளே நீர்மட்டம் போதாதபோது வெட்டிய வாய் சில நாளிலேயே அடைபட்டுவிடும். அதைவிட மோசமானது அடிநீர். உப்பு நீர் கனமானது, அடியில் தங்கும். மேலிருந்து ஒட்சிசன் இறங்காததால் அங்கே சேறு அழுகி நாறும். வெட்டியதும் மேலேயுள்ள நல்ல நீர் முதலில் ஓடிவிட, மீனுக்கு மிஞ்சுவது அந்த அடிநீர். மறுநாள் செத்த மீன் மிதக்கும், பழி யாரோ நஞ்சு கலந்ததாகப் போகும். வெட்டியே ஆகவேண்டுமானால், உள்ளே உள்ள நீர் கடலின் உயர்மட்டத்தைவிடத் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும், மேலிருந்தும் வரத்து இருக்க வேண்டும். பழைய வாய் இருந்த இடத்தில், திட்டு ஒடுங்கிய பக்கமாக, ஒடுக்கமான வாய்க்கால் ஒன்று போதும். உள்பக்கத்து முனையை அடைத்தபடியே விட்டுவைத்து, வற்றம் தொடங்கும்போது உடைக்க வேண்டும். அகலத்தை ஓட்டமே அரித்துக்கொள்ளும். தோண்டிய மணலை வாய்க்கால் விளிம்பில் குவித்தால் அது திரும்ப உள்ளேதான் சரியும்.

இதே ஆற்றை அண்டிய புந்தலையில் சிக்கல் வேறு விதம். ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமான இடம் அது. கிரிந்தி ஓயா குடியேற்றத் திட்டத்தின் வயல் கழிவுநீர் எம்பிலிகல, மலல களப்புகளில் இறங்கியதால் அங்கே உப்பு குறைந்து இறாலும் குறைந்தது. தண்ணீர் அதிகமாகப் போனாலும் களப்பு கெடும் என்பதற்கு நம் நாட்டிலேயே இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இப்போது 2024 ஏப்ரலில் திறந்த உமா ஓயாத் திட்டத்தின் வழியாக, மகாவலிக்குப் போகவேண்டிய நீரின் ஒரு பகுதியும் சுரங்கத்தால் கிரிந்தி ஓயாப் பக்கம் திரும்பியிருக்கிறது. 120 மெகாவாற்று மின்சாரம் என்பதே செய்தியானது. உமா ஓயா எவ்வளவு மண் சுமக்கும் என்பதை ரந்தெனிகலைக்குக் கீழேயுள்ள ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் சேர்ந்திருக்கும் வண்டலே காட்டும்.

மணலை அணை பிடித்துவிடும், களிமண்ணைப் பிடிக்காது. இதைப் பாடசாலைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். மழை நேரத்தில் ஓடை நீரை ஒரு லீற்றர்ப் போத்தல்கள் இரண்டில் பிடியுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும். நிறம் மட்டும் அப்படியே நிற்கும். ஒரு போத்தலில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி வையுங்கள். சில மணி நேரத்தில் களி திரிதிரியாகத் திரண்டு இறங்கத் தொடங்கும். மற்றது மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். முகத்துவாரத்தில் நடப்பது இதுதான். உமா ஓயாப் பக்கத்து வெலிமடை உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து கரைந்த களி, நன்னீரில் எங்கும் தங்காமல் போய், உப்பைக் கண்ட இடத்தில் படிகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு பொஸ்பரசுப் பசளையும் போகிறது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் அது மறுபடி நீரில் விடுபட்டுப் பாசியை வளர்க்கும்.

மண்ணை நிறுத்த வேண்டிய இடம் மலைதான். தேயிலை மலையில் மழைநீரை வடிக்கும் கான் 120 அடிக்கு ஓரடிச் சரிவில், ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாக, குறுக்கே போகவேண்டும். 12 முதல் 15 அடிக்கு ஒரு தடுப்பு, கானின் விளிம்பைவிட அரையடி பதிவாக. தடுப்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு குழியிலும் மண் தங்கி, தெளிந்த நீர் மட்டும் அடுத்ததற்கு வழியும். இன்றைக்குப் பல மலைகளில் தடுப்பே இல்லை, 'தண்ணி ஓடட்டும்' என்று வெட்டி எறிந்துவிட்டார்கள். மிஞ்சிய குழிகளும் தூர்ந்து கிடக்கின்றன. தூர்ந்த கான் ஒரே இடத்தில் உடைத்து ஓடும். அந்த இடம் இரண்டு மழையில் பள்ளமாகிவிடும். ஊவாவில் ஐப்பசி மழைக்கு முன், செப்டெம்பரிலேயே ஒரு தடவை வழித்து, மழைக்கு நடுவில் இன்னொரு தடவை வழிக்க வேண்டும். வழித்த மண்ணை மேற்பக்கத் தேயிலைத் தூருக்குப் போடுங்கள். கீழே வீசினால் அடுத்த கானுக்குத்தான் போகும். ஆள் குறைவு என்ற பதில் வரும். கவ்வாத்து செய்த, அதாவது தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட, மலைகளையாவது முதலில் பார்க்கலாம், அங்கேதான் மண் வெறுமையாகக் கிடக்கிறது.

மரக்கறித் தோட்டத்தில் பாத்தியைச் சரிவு வாக்கில் போடுவது கிழங்கு அழுகும் என்ற பயத்தால். குறுக்குப் பாத்தி போட்டு ஓரத்தில் ஒரு வடிகான் விட்டால் அந்தப் பயம் தீரும். ஓடைக் கரையில் குவாட்டமாலாப் புல்லோ வெட்டிவேரோ ஒரு வரிசை நிற்கட்டும், அங்கே களைகொல்லி அடிக்க வேண்டாம்.

முகத்துவாரம் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களுக்கு அம்பாந்தோட்டை அதிகாரிகளோடு பதுளை மாவட்ட விவசாயத் திணைக்களத்தாரையும் தோட்ட முகாமையாளர்களையும் அழைக்க வேண்டும். வாய் திறந்த பிறகு லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்திலிருந்து நீரை ஒரேயடியாக விடாமல் சில வாரங்களுக்குச் சிறிது சிறிதாக விட்டால், கடலில் பொரித்து ஆற்றுக்கு ஏறிவரும் விலாங்குக் குஞ்சுகளுக்கும் வழி கிடைக்கும்.

இப்படிக்கு,
மண் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்,
பண்டாரவளை.