வெள்ளை அட்டையைக் கைவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகளுக்கான கட்டணப் பில்களைக் காகிதத்தில் தருவதை நிறுத்திவிட்டு, குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் மட்டுமே அனுப்பும் வழக்கம் ஒவ்வொரு சேவையாகப் பரவி வருகிறது. இதை அடியோடு எதிர்ப்பவள் அல்ல நான். தாம்பரத்தில் குடியிருக்கும் நான், கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் என் தாயாரின் மின் கட்டணத்தையும் பல ஆண்டுகளாக இங்கிருந்தே செலுத்தி வருகிறேன். பாரத் பில் பேமென்ட் முறை வந்த பிறகு மின்சாரம், தொலைபேசி, சமையல் எரிவாயு என எல்லாவற்றையும் கைபேசியிலேயே முடித்துவிட முடிகிறது. முழங்கால் வலியோடு கவுன்ட்டர் வரிசையில் நிற்கும் துன்பம் என் தாயாருக்கு இல்லாமல் போனது. கவுன்ட்டர்களில் தரப்படும் வெப்பத்தாள் ரசீது பீரோவில் சில மாதம் கிடந்தாலே எழுத்து மறைந்து வெற்றுத் தாளாகிவிடுகிறது. மின்னஞ்சலில் வந்ததையோ மூன்றாண்டு கழித்தும் தேடி எடுக்கலாம். ஆகவே இதன் நன்மைகளைப் பற்றி எனக்கு ஐயமில்லை. என் கவலை வேறு.

தமிழ்நாட்டு வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஆணியிலோ பாலித்தீன் உறையிலோ தொங்கும் வெள்ளை அட்டையை அறியாதவர் இருக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் தேதி, மீட்டர் அளவு, செலவான யூனிட், கட்ட வேண்டிய தொகை ஆகியவற்றை அதில் பேனாவால் எழுதிவிட்டுப் போவார். என் தாயார் வீட்டு அட்டையின் ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. பணம் கட்டிய ஒவ்வொரு வரிக்கும் நேராக என் தந்தையார் பென்சிலால் இட்ட சிறு குறிகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. ஒருமுறை அந்த அட்டையின் யூனிட் பத்தியில் விரல் வைத்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்த அம்மா, எப்போதும் 200-ஐ ஒட்டியே இருந்த அளவு அந்த முறை மட்டும் 430 ஆக இருப்பதைக் கண்டு என்னை அழைத்தார். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது, போர்வெல் மோட்டாருக்குச் செல்லும் வயரில் கசிவு இருந்தது தெரிந்தது. அதே கணக்கு என் கைபேசிக்கும் குறுஞ்செய்தியாக வந்திருந்தது. தொகையை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு நான் மறந்துவிட்டிருந்தேன். ஆறு முறை எடுத்த அளவுகளை ஒரே பார்வையில் ஒப்பிட்டுக் காட்டும் வசதி அந்தக் குறுஞ்செய்திக்கு இல்லை.

ரீடிங் எடுக்கும் தேதிக்கு நம் மாநிலத்தில் தனி முக்கியத்துவம் உண்டு. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். ஆனால் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், அதற்குக் கீழேயுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடுகிறது. கோடைக்காலத்தில் 490-ல் நிற்க வேண்டிய கணக்கு, ரீடிங் சில நாள் தள்ளிப்போனதால் 510 ஆனால் கட்டணத்தில் ஏற்படும் வேறுபாடு சிறியதன்று. எந்த நாளில் எடுத்தார்கள் என்பதற்கு வீட்டாரின் கையிலேயே ஒரு பதிவு இருந்தால்தான் முறையிடவும் முடியும்.

காகிதம் நின்றுபோனதால் வரும் இடரை நான் நேரடியாகவும் அனுபவித்திருக்கிறேன். ஓர் இணையச் சேவை நிறுவனம் எங்களைக் கேட்காமலே பில்லை மின்னஞ்சலுக்கு மாற்றியது. இணைப்பு வாங்கிய நாளில் என் மகன் கொடுத்திருந்த கல்லூரி முகவரிக்கே அந்த அஞ்சல்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த முகவரியோ அவன் படிப்பு முடிந்ததுமே மூடப்பட்டுவிட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகுதான் இரண்டு மாத பாக்கி இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. “நாங்கள் அனுப்பிவிட்டோம்” என்பதே கடைசிவரை அவர்களுடைய பதிலாக இருந்தது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. மின்சாரச் சட்டம், 2003-இன் 56-ஆம் பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுதாகப் பதினைந்து நாளுக்குக் குறையாமல் எழுத்துமூலம் அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. மின்னணு வடிவில் அனுப்புவதும் எழுத்துதான் என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. ஆயினும், பின்னால் எடுத்துப் பார்க்கத்தக்கதாக அது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அச்சட்டமே வைத்திருக்கிறது. பட்டன் கைபேசி வைத்திருக்கும் எழுபது வயதுப் பெண்மணிக்கு, நிரம்பி வழியும் செய்திப்பெட்டியில் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு வந்து மறையும் ஒரு குறுஞ்செய்தி அந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறதா என்று நான் கேட்க விரும்புகிறேன்.

மோசடிக்காரர்களும் இந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். “முந்தைய மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்” என்னும் குறுஞ்செய்தி நாடு முழுவதும் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. அழைப்பவரிடம் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். அத்தகைய செய்தி என் தாயாருக்கும் வந்தது. அவர் பதறவில்லை. வாசலுக்குப் போய் அட்டையை எடுத்துப் பார்த்தார். ரீடிங் எடுத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. அந்த எண்ணுக்கு அழைக்காமல் என்னிடம் சொன்னார். குறுஞ்செய்தி ஒன்றையே நம்பியிருக்கும் வீட்டில், உண்மையான செய்தி எது, பொய்யான செய்தி எது என்று எதை வைத்துச் சரிபார்ப்பது?

வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்படும்போது ரீடிங் எடுக்க ஆள் வரப்போவதில்லை. அட்டையில் எழுதுவதும் அத்தோடு நின்றுவிடும். அதற்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும். காகிதப் பில்லை நிறுத்துவது நுகர்வோர் எழுத்தில் சம்மதித்த பிறகே நடக்க வேண்டும்; வேண்டும் என்பவர்களிடம் அதற்காகக் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. ஒரே இணைப்புக்கு இரண்டு கைபேசி எண்களைப் பதிவுசெய்யும் வசதி வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் வெளியூரில் இருந்து பணம் கட்டும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் தமிழில் செய்தி போய்ச்சேர வேண்டும். கடைசி ஆறு ரீடிங்குகளைத் தேதியோடு வரிசையாகக் காட்டும் ஒரு பக்கத் தாளை, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் அச்சிட்டுத் தர வேண்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இவற்றை விதிகளாகவே சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்.