"முதல் ஆள்"னு மட்டும் போட்டு முடிச்சிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

குழந்தைங்க மனநலம் பத்தி உங்க பேப்பர்ல அப்பப்ப கட்டுரை வருது, விடாம படிக்கறேன். ஆனா ஹெலன் மில்ராய் பத்தி எதுவும் என் கண்ணுல படல, அதான் இந்த லெட்டர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள்ல இருந்து வந்த முதல் டாக்டர் இவங்கதான், 1983-ல வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா யுனிவர்சிட்டில முடிச்சாங்க, அப்புறம் குழந்தைகள் மனநல டாக்டர் ஆனாங்க. இவங்களப் பத்தி எங்க படிச்சாலும் "முதல்", "முதல்"னு அதுதான் முன்னாடி நிக்குது. பெருமையான விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு அவங்க மேல இவ்ளோ மரியாதை வந்தது, சின்ன வயசுல அடிபட்டவங்க சொல்றத பொறுமையா உட்கார்ந்து கேக்கறதையே வாழ்நாள் வேலையா வச்சிருக்காங்களே, அதுக்காகத்தான்.

அவங்க குடும்பக் கதை தெரிஞ்சா இது இன்னும் நல்லா புரியும். பூர்வீகம் பில்பரா, மேற்கு ஆஸ்திரேலியாவோட வடக்குப் பக்கம் இரும்புத்தாது வெட்டற செம்மண் பூமி, பாலிகு இனம். பாட்டி டெய்சியை அங்கிருந்து பெர்த்துக்கு கூட்டிட்டு வந்து ஒரு வெள்ளைக்கார வீட்ல வேலைக்காரியா வச்சுக்கிட்டாங்க. அம்மா கிளாடிஸை ரொம்ப சின்ன வயசுலயே பாட்டிகிட்ட இருந்து பிரிச்சு பார்க்கர்வில்ல ஒரு சில்ட்ரன்ஸ் ஹோம்ல விட்டாங்க. 1905-ல போட்ட சட்டப்படி பழங்குடிக் குழந்தைக்கு கார்டியன் பெத்தவ இல்ல, ஒரு அரசாங்க அதிகாரி! பிள்ளைய பிடுங்கிட்டுப் போயிடுவாங்கங்கற பயம் தலைமுறை தாண்டியும் போகல. ஸ்கூல்ல யாராவது நீங்க எந்த நாடுன்னு கேட்டா இந்தியான்னு சொல்லிடுங்கன்னு வீட்ல சொல்லிக் கொடுத்ததா ஹெலனோட அக்கா சாலி மோர்கன், 1987-ல வந்த தன்னோட சுயசரிதைல எழுதியிருக்காங்க. பிள்ளைங்கள காப்பாத்த ஒரு தாய் நம்ம நாட்டு பேரை எடுத்து மூடிக்கிட்டாங்கன்னு படிச்சப்போ எனக்கு ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல.

அப்படிப்பட்ட அம்மாவோட பொண்ணுதான் பெர்த்ல பிரின்சஸ் மார்கரெட் குழந்தைகள் ஆஸ்பத்திரில பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைங்கள பார்க்கற டாக்டரா பல வருஷம் வேலை பார்த்து, அதுக்கப்புறம்தான் மனநலத்துல ஸ்பெஷலிஸ்ட் படிப்பு முடிச்சாங்க. 2013-ல சர்ச், ஸ்கூல், ஹோம் மாதிரி இடங்கள்ல குழந்தைங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைய விசாரிக்க ராயல் கமிஷன், அதாவது அரசாங்கம் அமைக்கற பெரிய விசாரணைக் குழு, போட்டப்போ ஆறு கமிஷனர்ல ஒருத்தரா இவங்கள சேர்த்தாங்க.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். பப்ளிக் விசாரணை போக, தனியா பேசறதுக்குன்னு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. சத்தியப்பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, ஒரு ரூம்ல கமிஷனர் முன்னாடி உட்கார்ந்து நடந்தத சொல்லலாம், அவ்ளோதான். வர முடியாதவங்களுக்காக ஜெயிலுக்கே போயும் கேட்டாங்க. அஞ்சு வருஷத்துல 8,000 பேருக்கு மேல இப்படி பேசினாங்க, அதுல நூத்துக்கு 14 பேர் கிட்ட பழங்குடி மக்கள், நாட்டு ஜனத்தொகைல அவங்க பங்கோ நூத்துக்கு மூணுதான். நடந்தத வெளிய சொல்லவே சராசரியா கிட்டத்தட்ட 24 வருஷம் ஆயிருக்கு. நாட்டுக்கு ஏதாவது சொல்லணும்னா எழுதலாம்னு வந்தவங்களுக்கு ஒரு கார்டும் கொடுத்தாங்க, அப்படி எழுதினது ஆயிரத்துக்கு மேல, புத்தகமாவே போட்டாங்க. 2017 டிசம்பர்ல 17 வால்யூம் ரிப்போர்ட் வந்துச்சு, 409 பரிந்துரை. அடுத்த வருஷமே நிவாரணத் திட்டமும், பார்லிமென்ட்ல பிரதமர் கேட்ட மன்னிப்பும் வந்துச்சு.

இவ்ளோ கேட்ட ஒரு மனுஷி உடைஞ்சு போகாம எப்படி இருந்தாங்கன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும். அவங்க ஓவியரும்கூட. மனநலம்னா மனசு மட்டும் இல்ல, உடம்பு, உறவு, ஆன்மிகம், பண்பாடு எல்லாம் சேர்ந்ததுன்னு தான் நினைச்சத பெயின்டிங்காவே வரைஞ்சு மத்த டாக்டர்களுக்கு பாடம் எடுத்தாங்க. குழந்தைங்களுக்கு மிருகம் பறவை கதை எழுதி படமும் அவங்களே போடறாங்க. குடும்பத்தையும் சொந்த மண்ணையும் விட்டு குழந்தைய தனியா பிரிச்சு வைத்தியம் பார்க்க முடியாதுங்கறது இவங்க கருத்து, பாட்டியும் அம்மாவும் பட்டத பார்த்தா அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்.

2021-ல மேற்கு ஆஸ்திரேலியாவோட சிறந்த குடிமகன் விருது, ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீகை நடத்தற கமிஷன்ல முதல் பழங்குடி உறுப்பினர்னு லிஸ்ட் இன்னும் இருக்கு, அதெல்லாம் யார் வேணா எடுத்துடலாம். ஞாயிறு இணைப்புல இவங்களுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்க சார். விருதெல்லாம் ஒரு ஓரமா பெட்டி கட்டி போட்டுட்டு மீதி இடம் பூரா அந்த ரூம்ல நடந்ததுக்கும், அப்புறம் நாடு என்ன செஞ்சதுங்கறதுக்கும் கொடுத்தா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி